பிற சூரியர்களின் கிரகங்கள்

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் அமைந்துள்ள விழிஞ்ஞம், மீன்பிடி துறைமுகத்திற்கும் பழமையான குடைவரைக் கோயிலுக்கும் பெயர்பெற்ற ஊராகும். 2010ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் பிற்பகல் ஒரு மணியைச் சிறிது கடந்த வேளையில், இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த தென்கேரள, தென்தமிழகக் கடற்கரைகளிலும் கங்கண சூரிய கிரகணம் காணப்பட்டது. சந்திர பிம்பம் சூரிய பிம்பத்தின் நடுப்பகுதியை மறைத்தது. ஓரத்தில் வளையம் போன்ற ஒளி மட்டும் ஏறத்தாழ ஏழு நிமிட நேரம் எஞ்சி நின்றது. சூரிய வட்டத்தின் பரப்பில் சுமார் 84 சதவிகிதம் அவ்வேளையில் மறைந்திருந்தது. நடுப்பகல் வெயில் மாலை வெயில்போல் மங்கிற்று. அருகிலுள்ள தும்பா ஏவுதளத்திலிருந்து, கிரகணத்தால் வாயுமண்டலத்தில் ஏற்படும் மாறுதல்களை ஆராயச் சிறு ராக்கெட்டுகள் செலுத்தப்பட்டன.

அன்று விழிஞ்ஞத்தில் ஒருவர் வானத்தை ஏறிட்டே பாராமல், வெயிலின் அளவை மட்டும் ஒரு கருவியைக் கொண்டு நிமிடந்தோறும் குறித்து வந்திருந்தார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பொருள் சூரியனுக்கு முன்னே கடந்து சென்றது என்பதையும், அது எத்துணைப் பெரிதாகத் தோன்றியிருக்கும் என்பதையும், கடந்து செல்ல எவ்வளவு நேரம் பிடித்தது என்பதையும் அக்குறிப்பேட்டிலிருந்தே அவர் கூறியிருக்க இயலும். சந்திரனைக் காணாமலே சந்திரனைப் பற்றி அறிந்துகொள்ளும் வழி இது. நமது சூரிய மண்டலத்திற்கு அப்பாலுள்ள நட்சத்திரங்களைச் சுற்றிவரும் கிரகங்களை விஞ்ஞானிகள் அறிந்திருப்பதும் பெரும்பாலும் இத்தகைய வழிகளாலேயே ஆகும். 2025ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், உறுதி செய்யப்பட்ட இத்தகைய கிரகங்களின் எண்ணிக்கை ஆறாயிரத்தைக் கடந்தது. அவற்றுள் தொலைநோக்கியால் நேரிற் படம்பிடிக்கப்பட்டவை மிகச் சிலவே. ஏனையவை எண்களின் வரிசையில் தென்பட்ட சிறு மாறுதல்களைக் கொண்டு உய்த்துணரப்பட்டவை.

இவ்வாறு உய்த்துணர்வதில் வெற்றியும் உண்டு, தவறும் உண்டு. பிற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றிக் கிரகம் உண்டு எனக் கருவி கொண்டு அளந்து கூறப்பட்ட மிகப் பழைய கூற்றுகளில் ஒன்று, 1855ஆம் ஆண்டில் நமது சென்னை நகரிலிருந்தே வெளிவந்தது. அது நிலைக்கவில்லை. ஏன் நிலைக்கவில்லை என்பதை அறிவது, இன்று வெளிவரும் செய்திகளை மதிப்பிடுவதற்கு ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பெரிதும் துணைசெய்யும்.

நேரிற் காண இயலாதது ஏன்?

விழிஞ்ஞம் கலங்கரை விளக்கம் கோவளக் கடற்கரையை அடுத்த பாறை முனையில் 1972ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. இரவில் கடலில் வெகு தொலைவு சென்றுள்ள மீனவர்களுக்கு அதன் ஒளி தெளிவாகத் தெரியும். ஆயினும் அவ்விளக்கின் அருகே பறக்கும் விட்டிற்பூச்சி அவர்கள் கண்ணுக்குப் புலனாவதில்லை. பூச்சி மிகச் சிறியது. விளக்கின் ஒளியோ கண்ணைக் கூசச் செய்வது. கிரகங்களின் நிலையும் இதுவே. அவற்றிற்குச் சொந்த ஒளி இல்லை. தம் சூரியனின் ஒளியில் ஒரு சிறு பகுதியையே அவை திருப்பி அனுப்புகின்றன. வெகு தொலைவிலிருந்து நோக்கினால் நமது சூரியன் வியாழனைவிட ஏறத்தாழ நூறு கோடி மடங்கு ஒளியுடையதாகத் தோன்றும்.

தூரத்தின் அளவையும் ஒரு மாதிரியால் விளக்கலாம். சூரியனை ஒரு சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கொண்டைக்கடலையாகக் கருதி, அதனை விழிஞ்ஞத்தில் வைப்போம். பூமி அதிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தொலைவில் ஒரு நுண்துகளாக இருக்கும். வியாழன் ஐந்தரை மீட்டர் தொலைவில் ஒரு கசகசா மணியளவு இருக்கும். சூரிய மண்டலத்தின் கடைசிக் கிரகமாகிய நெப்டியூன் 32 மீட்டர் தொலைவில் அமையும். எனின், சூரியனைப் போன்ற அடுத்த நட்சத்திரமாகிய ஆல்பா செண்டாரியை எங்கே வைப்பது? ஏறக்குறைய 300 கிலோமீட்டர் வடக்கே, கோயம்புத்தூரில் மற்றொரு கொண்டைக்கடலையாக வைத்தல் வேண்டும். கோயம்புத்தூரிலிருந்து விழிஞ்ஞத்தை நோக்கி, ஒளிவீசும் கடலைக்கு ஐந்தரை மீட்டர் அப்பாலுள்ள கசகசா மணியைத் தேடுவது எத்துணைக் கடினமோ, அத்துணைக் கடினமானது பிற சூரியர்களின் கிரகங்களை நேரிற் காண்பது.

ஒளி மங்குதலைக் கொண்டு அறிதல்

கிரகம் தன் நட்சத்திரத்திற்கு முன்னே கடந்து செல்லுங்கால், நட்சத்திரத்தின் ஒளி சிறிது குறையும். இது கிரகணத்தை ஒத்தது. ஆனால் குறையும் அளவு மிகச் சிறியது. நமது சூரிய மண்டலத்திலேயே இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 2004ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாளும், 2012ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாளும் வெள்ளிக் கிரகம் ஒரு சிறு கரும்புள்ளியாகச் சூரிய வட்டத்தைக் கடந்தது. அப்பொழுது சூரிய ஒளியில் ஆயிரத்தில் ஒரு பங்கே குறைந்தது. இனி இந்நிகழ்ச்சி 2117ஆம் ஆண்டு டிசம்பரிலேயே நிகழும். 1874ஆம் ஆண்டில் நிகழ்ந்த வெள்ளிக் கடப்பை முன்னிட்டு, சென்னை வானாராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி, பொதுமக்களுக்கு அதனை விளக்கும் சிறு நூலொன்றை ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் எழுதி வெளியிட்டார். விஞ்ஞானச் செய்தியைத் தாய்மொழியில் மக்களிடம் கொண்டு செல்லும் பணியில் அவர் நமக்கு முன்னோடியாவார்.

மங்கும் அளவைக் கணக்கிடுவது எளிது. வியாழனின் குறுக்களவு சூரியனுடையதில் பத்தில் ஒரு பங்கு. ஆகவே அது மறைக்கும் பரப்பு நூறில் ஒரு பங்கு. ஒளி ஒரு சதவிகிதம் குறையும். பூமியின் குறுக்களவு சூரியனுடையதில் 109இல் ஒரு பங்கு. ஆகவே அது மறைப்பது ஏறத்தாழ பன்னீராயிரத்தில் ஒரு பங்கே. அன்றியும், கிரகத்தின் பாதை நமது பார்வைக்கு நேராக அமைந்தால்தான் இக்கடப்பு நமக்குத் தெரியும். பூமியைப் போன்ற தூரத்தில் சுற்றும் கிரகம் ஒன்று இவ்வாறு நேராக அமையும் வாய்ப்பு இருநூறில் ஒன்றாகும். ஆதலின் ஒரு நட்சத்திரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பதால் பயனில்லை. ஆயிரக்கணக்கானவற்றை ஒரே சமயத்தில் நோக்குதல் வேண்டும்.

1999ஆம் ஆண்டில், எச்.டி. 209458 என்னும் நட்சத்திரத்தின் ஒளி மூன்றரை நாளுக்கு ஒருமுறை ஒன்றரை சதவிகித அளவில் மங்குவது கண்டறியப்பட்டது. பிற சூரியனின் கிரகம் கடந்து செல்வது காணப்பட்டது இதுவே முதன்முறை. 2009ஆம் ஆண்டில் விண்வெளியில் செலுத்தப்பட்ட கெப்ளர் தொலைநோக்கி, முதல் நான்கு ஆண்டுகளில் ஒன்றரை இலட்சத்திற்கும் மேற்பட்ட நட்சத்திரங்களின் ஒளியை இடைவிடாது அளந்து வந்தது. 2018ஆம் ஆண்டில் அதன் பணி முடிவுற்றது. அதன் பதிவுகளிலிருந்து 2,600க்கும் மேற்பட்ட கிரகங்கள் அறியப்பட்டுள்ளன.

தள்ளாட்டத்தைக் கொண்டு அறிதல்

இரண்டாவது முறை இயக்கத்தைப் பற்றியது. சிறுவர்கள் இருவர் கைகோத்துத் தட்டாமாலை சுற்றுவதைக் காண்கிறோம். இருவரும் ஒத்த எடையினராயின், இருவரும் ஒரே அளவான வட்டத்தில் சுற்றுவர். பெரியவர் ஒருவர் சிறு குழந்தையின் கைகளைப் பற்றிச் சுற்றினால், குழந்தை பெரிய வட்டத்திலும் பெரியவர் மிகச் சிறிய வட்டத்திலும் சுற்றுவர். பெரியவரும் அசையாமல் நிற்பதில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. சூரியனும் அவ்வாறே வியாழனின் ஈர்ப்பினால் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு சிறு வட்டத்தில் சுற்றுகிறது. அதன் வேகம் வினாடிக்கு சுமார் 12½ மீட்டர். அதாவது பேருந்து ஒன்று நிதானமாகச் செல்லும் வேகம். பூமியினால் சூரியனுக்கு ஏற்படும் அசைவின் வேகம் வினாடிக்கு ஒன்பது சென்டிமீட்டரே ஆகும்.

இவ்வசைவை இரு வழிகளில் அளக்கலாம். முதலாவது, நட்சத்திரம் வானில் பக்கவாட்டில் இடம் பெயர்வதை அளப்பது. விழிஞ்ஞம் கடற்கரை மீனவர்கள் இதனைப் போன்றதொரு முறையைத் தலைமுறை தலைமுறையாக அறிந்தவர்கள். கடலுக்கடியில் மீன் மிகுந்துள்ள பாறைப் பகுதிகளைக் கண்டறிய, கரையிலுள்ள குன்று, கோபுரம், மரம் போன்ற அடையாளங்களை ஒன்றன்பின் ஒன்றாக நேர்வைத்து நோக்குவர். ஒரே நேரில் தெரிந்த இரு அடையாளங்கள் சற்று விலகித் தெரிந்தால், படகு இடம் பெயர்ந்துவிட்டது என்று உணர்வர். ஒரு நட்சத்திரத்தின் நிலையை மற்றொன்றைக் கொண்டு அளக்கும் வானநூலாரும் இவ்வாறே விலகலைத் தேடுகின்றனர்.

இரண்டாவது, நட்சத்திரம் நம்மை நோக்கி வருவதையும் விலகுவதையும் அதன் ஒளியைக் கொண்டு அளப்பது. ஊதிக்கொண்டே வரும் ரயில் நம்மைக் கடந்ததும் அதன் ஊதல் ஒலி தாழ்ந்து கேட்பதை அனைவரும் அறிவர். ஒளியிலும் இத்தகைய மாற்றம் உண்டு. நட்சத்திரம் நம்மை நெருங்குங்கால் அதன் நிறமாலையிலுள்ள கருங்கோடுகள் நீல நிறத்தை நோக்கியும், விலகுங்கால் சிவப்பை நோக்கியும் சிறிது நகர்கின்றன. இந்நகர்ச்சியிலிருந்து வேகத்தைக் கணக்கிடலாம். இது டாப்ளர் முறை எனப்படும்.

சென்னையில் எழுந்த கூற்று

சென்னை வானாராய்ச்சி நிலையம் 1792ஆம் ஆண்டில் நுங்கம்பாக்கத்தில் கட்டப்பட்டது. அதன் முதற் கருவிகளைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் எழுத்துக்களும் பொறிக்கப்பெற்றதாய், சென்னை மண்டல வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது. 1850களில் இந்நிலையத்தின் தலைவராக இருந்தவர் கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப் என்பவர். இரட்டை நட்சத்திரங்களை அளப்பதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது.

70 ஒபியூக்கி என்பது நம்மிடமிருந்து ஏறக்குறைய 17 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஓர் இரட்டை நட்சத்திரம். அதன் இரு உறுப்புகளும் ஒன்றையொன்று சுமார் 88 ஆண்டுகளில் சுற்றி வருகின்றன. பல ஆண்டுகளாகப் பலரும் எடுத்த அளவுகளைக் கொண்டு அவற்றின் பாதையைக் கணக்கிட்டபொழுது, கணக்கு காட்டிய இடத்திற்கும் உண்மையில் காணப்பட்ட இடத்திற்கும் சிறிது வேறுபாடு தென்பட்டது. ஜேக்கப் இவ்வேறுபாட்டை ஆராய்ந்து, அங்கே கண்ணுக்குப் புலப்படாத கிரகம் போன்ற மூன்றாவது பொருள் ஒன்று இருத்தல் கூடும் என்றும், அதற்கு வாய்ப்பு மிகுதி என்றும் 1855ஆம் ஆண்டில் எழுதினார். இங்கிலாந்திலுள்ள அரச வானநூற் கழகத்தின் இதழில் அது வெளியாயிற்று.

இக்கருத்து அடிப்படையில் பிழையானதன்று. யுரேனசின் பாதையில் காணப்பட்ட இத்தகைய வேறுபாட்டைக் கொண்டே 1846ஆம் ஆண்டில் நெப்டியூன் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. குறை, அளவின் நுட்பத்தில் இருந்தது. 25 மில்லிமீட்டர் அகலமுள்ள நாணயம் ஒன்றை ஐந்து கிலோமீட்டர் தொலைவில் வைத்தால் அது தோன்றும் கோண அளவு ஒரு விகலை. அதாவது ஒரு பாகையின் 3,600இல் ஒரு பங்கு. ஜேக்கப் ஆராய்ந்த வேறுபாடு அவ்விகலையிலும் ஒரு சிறு பின்னமே ஆகும். கண்ணால் நோக்கி, கையால் திருகிக் கம்பிகளைப் பொருத்தி அளக்கும் அக்காலக் கருவிகளின் பிழையும் ஏறக்குறைய அதே அளவினது. தேடிய பொருளும் கருவியின் பிழையும் ஒரே அளவாயிருக்குமானால், இரண்டையும் பிரித்தறிவது அரிது.

1890களில் அமெரிக்காவில் டி. ஜே. ஜே. சீ என்பவர் அதே நட்சத்திரத்திற்கு 36 ஆண்டுகளில் சுற்றும் துணைப்பொருள் ஒன்று உண்டென மீண்டும் கூறினார். ஆனால் அத்தகைய அமைப்பு நெடுங்காலம் நிலைத்திருக்க முடியாது என்பதை 1899ஆம் ஆண்டில் மௌல்டன் என்பவர் கணித வழியில் காட்டினார். பிற்கால அளவீடுகளிலும் ஜேக்கப் கருதிய கிரகம் தென்படவில்லை. எனினும் தம் முடிவை உறுதியென்று கூறாமல் வாய்ப்பு என்ற அளவில் வைத்ததும், பிறர் சரிபார்க்கும்படி கணக்கை வெளியிட்டதும் ஜேக்கபின் நற்பண்பாகும்.

கருவி செய்த குற்றம்

இதனினும் படிப்பினை மிக்கது பார்னார்டு நட்சத்திரத்தின் வரலாறு. இது ஆறு ஒளியாண்டு தொலைவிலுள்ள சிறு செந்நிற நட்சத்திரம். 1916ஆம் ஆண்டு முதல் அமெரிக்காவின் ஸ்புரோல் வானாராய்ச்சி நிலையத்தில் எடுக்கப்பட்ட புகைப்படத் தகடுகளை அளந்து, அந்நட்சத்திரம் தள்ளாடுகிறது என்றும், வியாழனைவிடப் பெரிய கிரகம் ஒன்று அதனைச் சுற்றுகிறது என்றும் பீட்டர் வான் டி காம்ப் 1963ஆம் ஆண்டில் அறிவித்தார். ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் இது பாடநூல்களிலும் இடம்பெற்றது. 1973ஆம் ஆண்டில், வேறு நிலையங்களின் தகடுகளை அளந்தவர்கள் அத்தகைய தள்ளாட்டத்தைக் காணவில்லை. அதே ஸ்புரோல் தகடுகளில் உள்ள வேறு நட்சத்திரங்களும் பார்னார்டு நட்சத்திரத்துடன் சேர்ந்து ஒரே காலத்தில் இடம் பெயர்ந்ததாகத் தெரியவந்தது. தொலைநோக்கியின் வில்லையைத் தாங்கும் பகுதியில் 1949ஆம் ஆண்டில் செய்யப்பட்ட மாற்றமே அதற்குக் காரணம். அசைந்தது நட்சத்திரம் அன்று, கருவியே.

இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. 2024ஆம் ஆண்டில், மிக நுட்பமான டாப்ளர் கருவியொன்றால் பார்னார்டு நட்சத்திரத்தைச் சுற்றும் சிறு கிரகம் ஒன்று கண்டறியப்பட்டது. 2025ஆம் ஆண்டில் மொத்தம் நான்கு கிரகங்கள் அங்கு உள்ளன என்பது உறுதியாயிற்று. நான்கும் பூமியைவிட நிறை குறைந்தவை. வான் டி காம்ப் கூறிய பெருங்கிரகத்திற்கும் இவற்றிற்கும் தொடர்பில்லை.

உறுதியான முதற் கண்டுபிடிப்புகள்

1992ஆம் ஆண்டில் வோல்ஷ்சான், ஃபிரெயில் என்னும் இருவர், துடிக்கும் நட்சத்திரம் ஒன்றின் ரேடியோத் துடிப்புகள் முறையாக முந்தியும் பிந்தியும் வருவதைக் கொண்டு, அதனைச் சுற்றும் கிரகங்களை உறுதி செய்தனர். சூரியனை ஒத்த நட்சத்திரத்தைச் சுற்றும் முதற் கிரகம் 1995ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. ஸ்விட்சர்லாந்து நாட்டைச் சேர்ந்த மிஷேல் மேயர், டிடியே கெலோ ஆகியோர் 51 பெகாசி என்னும் நட்சத்திரம் 4.2 நாளுக்கு ஒருமுறை, வினாடிக்கு ஏறத்தாழ 56 மீட்டர் வேகத்தில் முன்னும் பின்னும் அசைவதை டாப்ளர் முறையால் அளந்தனர். வியாழனில் பாதியளவு நிறையேனும் உடைய கிரகம் ஒன்று, புதன் சூரியனை நெருங்கியிருப்பதைவிட மிக நெருக்கமாக அந்நட்சத்திரத்தைச் சுற்றுகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. இக்கண்டுபிடிப்பிற்காக 2019ஆம் ஆண்டில் இவ்விருவருக்கும் பௌதிகத்திற்கான நோபல் பரிசில் பாதி வழங்கப்பட்டது.

இத்தகைய நெருங்கிய பெருங்கிரகங்கள் இருத்தல் கூடும் என்றும், அவற்றை டாப்ளர் முறையாலும் ஒளி மங்குதலாலும் தேடலாம் என்றும் ஆட்டோ ஸ்ட்ரூவ் என்பவர் 1952ஆம் ஆண்டிலேயே எழுதியிருந்தார். ஆயினும் பெருங்கிரகங்கள் தம் சூரியனிலிருந்து வெகுதொலைவிலேயே இருக்கும் என்னும் எண்ணம் அன்று வலுவாக வேரூன்றியிருந்தது. சில நாட்களில் சுற்றிவரும் பெருங்கிரகத்தைத் தேட முற்பட்டோர் சிலரே.

இந்தியாவில் நடைபெறும் ஆராய்ச்சி

இராஜஸ்தானத்திலுள்ள அபு மலையின் குருசிகரத்தில், அகமதாபாத் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த 1.2 மீட்டர் தொலைநோக்கி உள்ளது. அதனுடன் 'பாரஸ்' என்னும் நிறமாலைக் கருவி இணைக்கப்பட்டது. வெப்பநிலையோ காற்றழுத்தமோ சிறிது மாறினாலும் நிறமாலைக் கோடுகள் தாமே நகர்ந்துவிடும் ஆதலின், இக்கருவி வெற்றிடக் கலத்தினுள், வெப்பநிலை மாறாதவாறு காக்கப்படுகிறது. கருவி செய்யும் குற்றத்தை முன்கூட்டியே தடுக்கும் ஏற்பாடு இது.

2018ஆம் ஆண்டில் இக்குழுவினர், 600 ஒளியாண்டு தொலைவிலுள்ள ஒரு நட்சத்திரத்தைச் சுற்றும் கிரகத்தை உறுதி செய்தனர். கெப்ளர் தொலைநோக்கி அந்நட்சத்திரத்தின் ஒளி 19½ நாளுக்கு ஒருமுறை மங்குவதை முன்னரே பதிவு செய்திருந்தது. அதிலிருந்து கிரகத்தின் குறுக்களவு பூமியைப் போல் ஆறு மடங்கு என அறியப்பட்டது. பாரஸ் கருவி சுமார் ஒன்றரை ஆண்டுக் காலம் தள்ளாட்டத்தை அளந்து, நிறை பூமியைப் போல் 27 மடங்கு எனக் காட்டிற்று. அளவும் நிறையும் தெரிந்தால் அடர்த்தி தெரியும். அடர்த்தி தெரிந்தால் அது பாறையாலானதா, வாயுவாலானதா என்று ஊகிக்கலாம். ஒரு முறையின் முடிவை மற்றொரு முறை சரிபார்ப்பதும் இங்கு நிகழ்கிறது. 2021ஆம் ஆண்டில் இக்குழுவினர் வியாழனைவிடப் பருமனான மற்றொரு கிரகத்தையும் கண்டறிந்தனர். அதன்பின் 2.5 மீட்டர் தொலைநோக்கியும் 'பாரஸ்-2' என்னும் மேம்பட்ட கருவியும் அங்கு அமைக்கப்பட்டு, அவற்றின் வழியாகவும் புதிய கிரகங்கள் அறியப்பட்டுள்ளன.

2019ஆம் ஆண்டில், அகில உலக வானநூற் சங்கம் ஒவ்வொரு நாட்டிற்கும் ஒரு நட்சத்திரத்திற்கும் அதன் கிரகத்திற்கும் பெயரிடும் வாய்ப்பை அளித்தது. இந்தியாவின் பங்கிற்கு வந்த நட்சத்திரம், காஸ்மிக் கதிர்களை ஆராய்ந்த விஞ்ஞானி விபா சௌதுரியின் நினைவாக 'விபா' எனவும், அதன் கிரகம் 'சந்தமசா' எனவும் பெயர் பெற்றன.

கடலின் மணமும் ஒரு தூரத்துக் கிரகமும்

கிரகம் கடந்து செல்லுங்கால், நட்சத்திர ஒளியின் ஒரு சிறு பகுதி அதன் வாயுமண்டலத்தின் ஊடே வருகிறது. அவ்வொளியின் நிறமாலையில் அவ்வாயுக்களின் அடையாளம் பதிகிறது. 2021ஆம் ஆண்டின் இறுதியில் செலுத்தப்பட்ட ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி இவ்வகை ஆராய்ச்சிக்குப் பெரிதும் பயன்படுகிறது.

சிம்ம ராசியின் திசையில் 124 ஒளியாண்டு தொலைவிலுள்ள கே2-18பி என்னும் கிரகத்தில், மீத்தேனும் கரியமில வாயுவும் இருப்பதாக 2023ஆம் ஆண்டில் கூறப்பட்டது. 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றும் இந்திய விஞ்ஞானி நிக்கு மதுசூதன் தலைமையிலான குழுவினர், டைமெத்தில் சல்பைடு அல்லது அதனை ஒத்த வாயுவின் அடையாளம் அங்கே தென்படுவதாக அறிவித்தனர். பூமியில் இவ்வாயு பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்தாவரங்களால் உண்டாவது. விழிஞ்ஞம் கரையில் நிற்பவர் உணரும் கடல் மணத்தில் இதற்கும் பங்குண்டு. விழிஞ்ஞத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளை போன்ற இடங்களில் பணிபுரிவோர் அந்நுண்தாவரங்களை நன்கு அறிவர். மீன்வளம் முழுவதற்கும் அடிப்படை அவையே.

இச்செய்தி, வேற்றுக் கிரகத்தில் உயிர் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது என்பதுபோல் பல இடங்களில் பரவிற்று. ஆயின் அக்குழுவினர் அவ்வாறு கூறவில்லை. தற்செயலாக இத்தகைய அடையாளம் தோன்றும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்றும், விஞ்ஞான உறுதிக்கு அது போதாது என்றும், மேலும் அளவீடுகள் வேண்டும் என்றும் அவர்களே தெரிவித்தனர். அதே பதிவுகளை வேறு முறைகளில் ஆராய்ந்த பிற குழுவினர், அடையாளம் உறுதியாக இல்லை என்று அவ்வாண்டிலேயே எழுதினர். அன்றியும், இவ்வாயு உயிரின் துணையின்றியும் உண்டாகலாம். வால்நட்சத்திரம் ஒன்றிலும் அது காணப்பட்டுள்ளது. 1855ஆம் ஆண்டில் சென்னையில் எழுந்த அதே வினாவே இங்கும் எழுகிறது: காணப்பட்ட மாறுதல் அளவிற் பெரிதா, அளவின் பிழை பெரிதா?

வகுப்பறையில் ஒரு சோதனை

இவ்வினாவை மாணாக்கர்களுக்கு எளிய சோதனையால் உணர்த்தலாம். இருபது சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டையான பால்நிறக் கண்ணாடி விளக்கு ஒன்றும், இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள களிமண் உருண்டை ஒன்றும் தேவை. உருண்டையைக் கறுப்பு நூலில் கட்டி விளக்கிற்கு மிக அருகே தொங்கவிட்டு, மெல்ல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நகர்த்த வேண்டும். நான்கைந்து மீட்டர் தள்ளி, ஒளிமானியையோ, கைப்பேசியில் ஒளியை அளக்கும் செயலியையோ வைத்து, ஐந்து வினாடிக்கு ஒருமுறை அளவைக் குறித்து வரைபடம் வரையச் செய்யலாம். ஒளி ஒரு சதவிகிதம் குறைதல் வேண்டும்.

ஆனால் உருண்டையை நகர்த்துமுன், விளக்கின் ஒளியை மட்டும் பத்து நிமிடம் அளந்து குறிக்கச் செய்தல் இன்றியமையாதது. மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் விளக்கின் ஒளி தானே ஒரு சதவிகிதத்திற்கு மேல் மாறுவதைப் பல பள்ளிகளில் மாணாக்கர் காணக்கூடும். அப்பொழுது உருண்டை செய்த மாற்றத்தை எவ்வாறு பிரித்தறிவது என்று அவர்களையே வினவலாம். மின்கலத்தால் எரியும் விளக்கைப் பயன்படுத்துதல், பலமுறை திரும்பச் செய்து சராசரி காணுதல், அருகில் மற்றொரு விளக்கை வைத்து ஒப்பிடுதல் போன்ற வழிகளை அவர்களே கூறுவர். விஞ்ஞானிகள் கையாளும் வழிகளும் இவையே.

களப்பணியாளர்க்கும் இது புதியதன்று. மழைமானி, அலைமட்டக் கோல், கரையில் இறங்கிய மீன்களின் எடைப் பதிவு ஆகியவற்றை நாள்தோறும் குறிப்போர், கருவியை மாற்றிய நாளையும், இடம் பெயர்த்த நாளையும் குறிப்பேட்டில் தவறாமல் எழுதிவைத்தல் வேண்டும். அவ்வொரு வரிக் குறிப்பு இல்லாவிடில், பின்னாளில் அப்பதிவை ஆராய்பவர் கருவியின் மாற்றத்தை இயற்கையின் மாற்றமாகக் கொள்ள நேரிடும்.

வானில் இவற்றைக் காணுமாறு

விழிஞ்ஞம் நிலநடுக்கோட்டிற்கு எட்டரைப் பாகைக்குக் குறைவான தொலைவில் இருப்பதால், வட, தென் வானங்களின் பெரும்பகுதி அங்கிருந்து தெரியும். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்ட புதிய துறைமுகத்தின் விளக்கொளி படாத இடத்தைத் தேர்ந்துகொள்ளுதல் நன்று. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலும் இதே முறையில் காணலாம்.

நவம்பர் மாதத்தில் இரவு எட்டு மணியளவில் தலைக்கு அருகே பூரட்டாதியின் இரு நட்சத்திரங்கள் தெரியும். அவ்விரண்டிற்கும் ஏறக்குறைய நடுவே, சற்று மேற்கில், மிக மங்கலாக இருப்பது 51 பெகாசி. செப்டம்பர் மாதத்தில் முன்னிரவில், கேட்டைக்கும் திருவோணத்திற்கும் இடைப்பட்ட பகுதிக்குச் சற்று வடக்கே, ஜேக்கப் அளந்த 70 ஒபியூக்கி மங்கிய ஒற்றைப் புள்ளியாகத் தெரியும். மே மாத இரவுகளில் தெற்கே, கடல் விளிம்பிற்கு மேல் ஏறத்தாழ இருபது பாகை உயரத்தில் ஆல்பா செண்டாரி ஒளிவீசும். அதன் துணையாகிய பிராக்சிமா வெறுங்கண்ணுக்குத் தெரியாது. நமக்கு மிக அருகிலுள்ள அந்நட்சத்திரத்தைச் சுற்றியும் 11 நாளுக்கு ஒருமுறை ஒரு கிரகம் வலம் வருவது 2016ஆம் ஆண்டில் டாப்ளர் முறையால் கண்டறியப்பட்டது.

இந்நட்சத்திரங்களை மாணாக்கர்களுக்குச் சுட்டிக்காட்டும் ஆசிரியர், அங்கே கிரகம் உண்டு என்று கூறுவதுடன் அமையாது, அஃது எவ்வாறு அறியப்பட்டது, எத்தனை முறை சரிபார்க்கப்பட்டது என்பதையும் சேர்த்துக் கூறுவாராக. 70 ஒபியூக்கியைக் காட்டும்போது, நம் சென்னையில் ஒருவர் அங்கே ஒரு கிரகம் இருக்கலாம் என்று நூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் எண்ணினார் என்பதையும், அவர் வெளியிட்ட கணக்கே பிறர் அதனைச் சோதிக்க உதவிற்று என்பதையும் கூறலாம். புதிய செய்தி வரும்போதெல்லாம் அளவையும் பிழையையும் ஒருங்கே கேட்டறியும் பழக்கம் அம்மாணாக்கர்களுக்கு ஏற்படும்.